தைராய்டு கண் நோய்: சிவப்பு எங்கிருந்து வருகிறது?

தைராய்டு நோயுள்ள ஒருவருக்குக் கண் சிவந்திருக்கிறது. அந்தச் சிவப்பு இரண்டு இடங்களிலிருந்து வரலாம். கண்ணுக்குப் பின்னால், எலும்புக் குழிக்குள் இருக்கும் தசையும் கொழுப்பும் அழற்சியால் வீங்கி, அதன் விளைவாக வெள்ளை விழி சிவக்கலாம். அல்லது இமை சரியாக மூடாமல் கண்ணீர் காய்ந்து, விழியின் மேற்பரப்பே புண்பட்டுச் சிவக்கலாம். கண்ணாடியில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே சிவப்புதான். வைத்தியம் மட்டும் ஒன்றல்ல. முதலாவது தீவிரமாக இருந்தால் ரத்தக்குழாய் வழியாக வாரக்கணக்கில் ஸ்டீராய்டு ஏற்ற வேண்டியிருக்கும். இரண்டாவதற்குச் சொட்டு மருந்தும் இரவுக் களிம்பும்தான் முதல் படி. ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட்டால், தேவையில்லாதவருக்கு ஸ்டீராய்டு போகும். தேவையானவர் மாதக்கணக்கில் வெறும் சொட்டு மருந்தோடு நிற்பார். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பது இன்னொரு சிக்கல்.

இதில் மேற்பரப்பின் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல உதவும் அடையாளங்களைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். சிலவற்றைச் சாதாரண விளக்கொளியிலேயே பார்த்துவிடலாம், சிலவற்றுக்குச் சாயம் வேண்டும். இன்னும் சில ஆய்வகத்தைத் தாண்டி வெளியே வரவில்லை.

நோயின் பெயரிலிருந்தே ஒரு குழப்பம் தொடங்குகிறது. தைராய்டு சுரப்பி கண்ணைத் தாக்குவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் வழிதவறி டி.எஸ்.எச். ஏற்பிக்கு (தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் செல்புரதம்) எதிரான எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அந்த ஏற்பி தைராய்டில் மட்டும் இல்லை. கண்குழியின் இணைப்புத் திசுச் செல்களிலும் இருக்கிறது. எதிர்ப்பொருள் அங்கே போய் ஒட்டியதும் அந்தச் செல்கள் ஹயலுரோனான் என்ற நீர் உறிஞ்சும் பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன, கொழுப்புச் செல்களும் பெருகுகின்றன. எலும்புப் பெட்டி விரியாது. ஆகவே கண் முன்னால் தள்ளப்படுகிறது. டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-லும், ஜெர்மனியில் கார்ல் ஃபான் பாசெடோவ் 1840-லும் எழுதி வைத்தது இந்தப் பிதுங்கிய கண்ணைத்தான். மாத்திரை சாப்பிட்டு ரத்தத்தில் தைராய்டு அளவு சரியான பிறகும் கண் நோய் தொடர்வது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. மாத்திரை ஹார்மோன் அளவைத்தான் சரிசெய்கிறது. கண்குழியில் தொடங்கிவிட்ட அழற்சி அதன் சொந்தக் கணக்கில் ஓடும்.

இனி மேற்பரப்புக்கு வருவோம். நேராகப் பார்க்கும்போது மேல் இமை, கருவிழியின் மேல்விளிம்பை 1 முதல் 2 மி.மீ. மூடியிருக்க வேண்டும். தைராய்டு கண் நோயில் மிகப் பரவலாகக் காணும் அடையாளம் இந்த இமை மேலே ஏறிக்கொள்வது. கருவிழிக்கு மேலே ஒரு கீற்று வெள்ளை தெரிந்தால் இமை ஏறியிருக்கிறது என்று பொருள். கண் பிதுங்குவதும் இமை ஏறுவதும் சேர்ந்தால் காற்றுபடும் பரப்பு கூடுகிறது, கண்ணீர் வேகமாக ஆவியாகிறது. கண் சிமிட்டும்போது இமை முழுதும் கீழே வந்து சேர்வதில்லை. தூக்கத்தில் ஒரு இடுக்கு திறந்தே இருக்கிறது. சாதாரணமாகக் கண்ணை மூடினால் விழி மேல்நோக்கி உருளும். கருவிழி இமைக்கடியில் பத்திரமாக இருக்கும். விழியின் கீழ்த்தசை இறுகிப்போன நோயாளிக்கு இந்த உருளலும் நடக்காது. தலைக்கு மேலே மின்விசிறி இரவு முழுக்கச் சுற்றும் நம் ஊர் அறையில் இப்படித் தூங்கி எழுபவருக்குக் காலையில் கண் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் வெறும் இயந்திரக் கோளாறு என்று நினைத்தால் அதுவும் முழு உண்மை ஆகாது. கண்ணீர்ச் சுரப்பியிலும் டி.எஸ்.எச். ஏற்பி இருக்கிறது. அதே எதிர்ப்பொருள் அந்தச் சுரப்பியையும் கெடுத்துக் கண்ணீர் உற்பத்தியைக் குறைக்கலாம். இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் மெய்போமியன் சுரப்பிகளும் இந்த நோயாளிகளில் பலருக்குச் சுருங்கியிருக்கின்றன. அதனால்தான் கண் பெரிதாகப் பிதுங்காதவருக்கும் மேற்பரப்பு அழற்சி வருகிறது.

ஆவியாதலும் சுரப்புக் குறைவும் முடிவில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன: மிச்சமிருக்கும் கண்ணீர் உப்புக் கூடியதாகிறது. உப்பு மிகுந்த கண்ணீர், மேற்பரப்புச் செல்களுக்குள் அபாயச் சமிக்ஞைகளைத் தூண்டுகிறது. செல்கள் இன்டர்லூகின்-1 பீட்டா, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற சைட்டோகைன்களை, அதாவது அழற்சியைப் பரப்பும் தூதுப் புரதங்களை, வெளியிடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் எம்.எம்.பி.-9 என்ற நொதி கண்ணீரில் கூடுகிறது. இந்த நொதி, மேற்பரப்புச் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் புரதப் பூட்டுகளை அறுக்கிறது. அரண் விரிசல் விடுகிறது. சளி சுரக்கும் கோப்லெட் செல்கள் குறைகின்றன, கண்ணீர்ப் படலம் விழியில் ஒட்டி நிற்காமல் இன்னும் சீக்கிரம் உடைகிறது, உப்பு இன்னும் கூடுகிறது. சுழல் தானாகவே சுற்றத் தொடங்கிவிடும். கீழே வரும் ஒவ்வொரு சோதனையும் இந்தச் சுழலின் ஏதோ ஒரு புள்ளியைத் தொட்டுப் பார்ப்பதுதான்.

சோதனைகளுக்கு முன் ஏழு புள்ளிக் கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழப்பத்தின் மையமே அங்கேதான் இருக்கிறது. நோய் இப்போது கனன்றுகொண்டிருக்கிறதா, அடங்கிவிட்டதா என்று முடிவுசெய்ய உலகெங்கும் பயன்படுவது சி.ஏ.எஸ். எனப்படும் நோய்ச் செயல்பாட்டு மதிப்பெண். நெதர்லாந்தில் மவுரிட்ஸ் குழுவினர் 1989-ல் வெளியிட்டது. முதல் வருகையில் ஏழு அம்சங்கள் பார்க்கப்படும்: கண்ணுக்குப் பின்னால் தானாக வரும் வலி, கண்ணை அசைக்கும்போது வலி, இமைச் சிவப்பு, இமை வீக்கம், வெள்ளை விழியின் சிவப்பு, வெள்ளை விழியின் மேற்படலம் நீர்கோத்து உப்புவது, மூக்கோரத்துச் சதை மேடும் மடிப்பும் வீங்குவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மூன்றோ அதற்கு மேலோ வந்தால் நோய் செயலில் இருக்கிறது என்று கொள்வார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் கண் வலிக்கிறது என்கிறார், கண் சிவந்திருக்கிறது, இமை வீங்கியிருக்கிறது. மூன்று புள்ளி, ஸ்டீராய்டுக்கான வாசல் திறந்துவிட்டது. இப்போது கொஞ்சம் நுணுகிக் கேளுங்கள். அந்த வலி ஆழத்தில் அமுக்குவது போலவா, மணல் விழுந்தது போல உறுத்துவதா? உறுத்தல் மேற்பரப்பின் வலி. அதற்கு இந்தக் கணக்கில் புள்ளி கிடையாது. இமை வீக்கம் அழற்சியாலா, பின்னாலிருந்து கொழுப்பு தள்ளியதாலா? கொழுப்புப் பிதுக்கம் கணக்கில் சேராது. சிவப்பு, இமை திறந்திருக்கும் இடுக்கில் மட்டும் இருந்து, அதே இடம் சாயத்தையும் பிடித்தால், அது காய்ந்த கண்ணின் சிவப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்றாக இருந்த மதிப்பெண் பூஜ்யத்துக்கே வந்துவிடலாம். ஏழில் ஐந்து அம்சங்கள் கண்ணின் வெளிப்புறத்தைப் பார்த்தே எழுதப்படுபவை என்பதால் இந்தப் பிழை எளிதில் நேர்கிறது.

எதிர்த்திசையிலும் பிழை உண்டு. இமைத் தோலின் சிவப்பு மாநிறத்திலும் கருநிறத்திலும் எளிதில் கண்ணுக்குப் படாது. வெளுத்த தோலில் பளிச்சென்று தெரியும் அழற்சி, நம்மவர் இமையில் லேசான கருஞ்சிவப்பாக மட்டுமே இருக்கும். ஒரு புள்ளி விட்டுப்போக அது போதும். நல்ல வெளிச்சத்தில் இமையை நெற்றித் தோலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், தொட்டுச் சூடு பார்ப்பதும், நோய் வருவதற்கு முந்தைய புகைப்படத்தை வாங்கிப் பார்ப்பதும் உதவும்.

சிவப்பின் இடமே ஓரளவு கதை சொல்லும். விழியைப் பக்கவாட்டில் திருப்பும் தசைகள் வெள்ளை விழியில் வந்து ஒட்டும் இடத்தில், மூக்குப் பக்கமும் காதுப் பக்கமும், தடித்த ரத்தக்குழாய்கள் கொத்தாகத் தெரிந்தால் அது குழிக்குள் நடக்கும் அழற்சியைச் சுட்டுகிறது. கீழ்ப்பாதியில் பட்டையாகச் சிவந்திருந்தால் இமை மூடாமையைச் சந்தேகிக்கலாம். மேல் இமையைத் தூக்கி, நோயாளியைக் கீழே பார்க்கச் சொன்னால் மட்டுமே தெரியும் ஒரு சிவப்பும் உண்டு. கருவிழியின் மேல்விளிம்பை ஒட்டி, இறுகிய மேல் இமை ஒவ்வொரு சிமிட்டலிலும் உரசி உண்டாக்கும் அழற்சி அது. அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் தியோடர் 1963-ல் அதைத் தனி நோயாகப் பெயரிட்டார். அதற்கும் தைராய்டுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. தைராய்டு பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடம் இதைக் கண்டால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பதுதான் முறை. இமையைத் தூக்காமல் பார்ப்பவர்கள் இதைத் தவறவிட்டு, 'அலர்ஜி' என்று எழுதிவிடுகிறார்கள். நோயாளியோ அதற்கு முன்பே 'மெட்ராஸ் ஐ' என்று முடிவுகட்டி மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு வாங்கி விட்டிருப்பார். அது சிவப்பைச் சில நாள் மறைத்து, எல்லா அடையாளங்களையும் கலைத்துப் போட்டுவிடும். சோதனைக்குப் போகும்முன் என்ன சொட்டு, எத்தனை நாள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சோதனைகளின் வரிசை முக்கியம். முந்தையது பிந்தையதைக் கெடுக்கக் கூடாது. முதலில் கேள்வித்தாள், பிறகு கண்ணைத் தொடாத சோதனைகள், பிறகு கண்ணீர் மாதிரி, பிறகு சாயம், கடைசியில் காகிதப் பட்டை. பட்டையை முதலில் வைத்தால் கண் எரிந்து நீர் கொட்டும். அதன் பிறகு எடுக்கும் எந்த அளவும் பொய்தான்.

கேள்வித்தாளில் ஓ.எஸ்.டி.ஐ. என்பது பன்னிரண்டு கேள்வி கொண்டது. 0 முதல் 100 வரை மதிப்பெண், 13 அல்லது அதற்கு மேல் என்றால் உலர் கண் தொந்தரவு உண்டு. இந்த நோயில் ஒரு எச்சரிக்கை: இரட்டைப் பார்வையும் இமை ஏற்றமும் மங்கலையும் கூச்சத்தையும் உண்டாக்கும், அந்தப் புள்ளிகளும் உலர் கண் கணக்கில் சேர்ந்துவிடும். தொந்தரவே சொல்லாதவரின் கருவிழி மோசமாக இருப்பதும் உண்டு. சிலருக்குக் கருவிழியின் உணர்ச்சி குறைந்து போவதுதான் காரணம்.

கண்ணீரின் உப்புச் செறிவை அளக்கும் கருவி, கீழ் இமை ஓரத்திலிருந்து 50 நானோலிட்டர் கண்ணீரை உறிஞ்சி எண் காட்டும். 308 மில்லிஆஸ்மோலோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது இரு கண்களுக்கும் 8-க்கு மேல் வித்தியாசம் இருந்தால், கண்ணீர் நிலைகுலைந்திருக்கிறது. ஒரே எண்ணை நம்ப வேண்டாம். நாளுக்கு நாள், கண்ணுக்குக் கண் மாறுவதே இதன் இயல்பு. அந்த ஆட்டமே ஒரு அடையாளம்.

அழற்சியை நேரடியாகத் தொடும் வெளிநோயாளி சோதனை என்றால் அது எம்.எம்.பி.-9 பட்டைதான். இன்ஃப்ளமாட்ரை என்ற பெயரில் விற்கிறது. கர்ப்பச் சோதனைப் பட்டை போன்ற ஏற்பாடு. செயற்கைக் கண்ணீர் விட்டிருந்தால் இரண்டு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மரத்துப்போகும் மருந்தோ சாயமோ இதற்கு முன் போடக் கூடாது. கீழ் இமையை இறக்கி, அதன் உட்புறத்தில் ஆறேழு இடங்களில் மாதிரி எடுக்கும் பஞ்சை ஒற்றி, கடைசியில் சில விநாடி அப்படியே அழுத்தி வைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. பஞ்சு நனைந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் போதிய கண்ணீர் ஏறியிருக்கிறது. பிறகு பட்டையோடு பொருத்தி, கரைசலில் 20 விநாடி தோய்த்து, பத்து நிமிடம் படுக்கையாக வைத்தால் முடிவு. நீலக் கோடு சோதனை சரியாக நடந்ததைச் சொல்லும். கூடவே சிவப்புக் கோடு வந்தால் ஒரு மில்லிலிட்டர் கண்ணீரில் 40 நானோகிராமோ அதற்கு மேலோ எம்.எம்.பி.-9 இருக்கிறது என்று பொருள். சிவப்பு வெளிறி இருந்தாலும் அது நேர்மறைதான்.

எங்கே தவறு நடக்கும்? கண்ணீரே இல்லாத கண்ணில் பஞ்சு போதிய அளவு நனையாது. உண்மையில் அழற்சி இருந்தும் எதிர்மறை வரும். நோய் முற்றிய கண்ணே நல்ல கண் போலக் காட்டிக்கொள்ளும் விபரீதம் இது. இன்னொன்று, இந்த நொதி தைராய்டு நோய்க்கே உரியதல்ல. அலர்ஜியிலும் தொற்றிலும் சாதாரண உலர் கண்ணிலும் ஏறும். 'மேற்பரப்பில் நெருப்பு இருக்கிறதா' என்ற கேள்விக்கு இது பதில் சொல்லும். 'யார் வைத்தது' என்று சொல்லாது. கண்குழியின் அழற்சியை அளக்க இதைப் பயன்படுத்துவது தவறு.

சாயச் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம் என்றாலும் கைப்பழக்கம் வேண்டும். ஃப்ளூரசின் என்ற சாயம் ஏற்றிய பட்டையில் ஒரு துளி உப்புநீர் விட்டு, உதறி, மிச்சத்தைக் கீழ் இமை ஓரத்தில் தொட வைத்தால் போதும். துளி அதிகமானால் கண்ணீர்ப் படலம் செயற்கையாகத் தடித்து, உடையும் நேரம் நீண்டு தெரியும். மூன்று முறை சிமிட்டச் சொல்லி, பிறகு சிமிட்டாமல் வைத்து, நீல ஒளியில் மஞ்சள் வடிகட்டி வழியாகப் பாருங்கள். பச்சைப் படலத்தில் முதல் கருந்திட்டு தோன்றும்வரை விநாடி எண்ணி, மூன்று முறை எடுத்துச் சராசரி கொள்ள வேண்டும். பத்து விநாடிக்குக் கீழே என்றால் படலம் நிலையற்றது. இமை ஏறியவருக்கு முழுச் சிமிட்டலே வராது என்பதால், சிமிட்டும்போது இமை எந்தக் கோடு வரை வருகிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம்.

பிறகு கறை, அதாவது புண்பட்ட இடம் சாயத்தைப் பிடித்துக் காட்டும் புள்ளிகள். கருவிழியில் ஐந்துக்கு மேல் புள்ளிகள் இருந்தால் அது இயல்பல்ல. வெள்ளை விழிக்கு லிசமைன் பச்சை என்ற சாயம் நல்லது. ஒரு நிமிடமாவது விட்டு, மிதமான வெள்ளொளியில் பார்க்க வேண்டும். அங்கே ஒன்பதுக்கு மேல் புள்ளிகள் என்பது வரம்பு. எண்ணிக்கையைவிட இடம் அதிகம் பேசும். கருவிழியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் கறை என்றால் தூக்கத்தில் கண் திறந்திருக்கிறது. இமை விளிம்பை ஒட்டிய வரியாக இருந்தால் எண்ணெய்ச் சுரப்பிகள். மேல்விளிம்பில் என்றால் முன்சொன்ன உரசல். கீழே மூக்கோரமாக மட்டும் என்றால் விடும் சொட்டு மருந்திலுள்ள பதப்படுத்தியே கடிக்கிறது. பென்சால்கோனியம் குளோரைடுதான் வழக்கமான குற்றவாளி. படம் வரைந்து வைக்காத கறைப் பரிசோதனை அடுத்த முறை ஒப்பிட உதவாது.

கடைசியில் ஷிர்மர் எனப்படும் காகிதப் பட்டைச் சோதனை. 5 மி.மீ. அகலமும் 35 மி.மீ. நீளமும் உள்ள வடிகாகிதப் பட்டையைக் கீழ் இமையின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் மாட்டி ஐந்து நிமிடம். மரப்பு மருந்து இல்லாமல் 5 மி.மீ. அல்லது அதற்குக் கீழே நனைந்தால் கண்ணீர்ச் சுரப்பி குறை. இது அழற்சிச் சோதனை அல்ல; உற்பத்திக் கணக்கு மட்டுமே. பட்டை நன்றாக நனைந்ததால் உலர் கண் இல்லை என்று எழுதுவது பெரும் பிழை. ஆவியாதல் வகையில் கண்ணீர் கொட்டவும் செய்யும்.

ஆய்வகத்தில் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தைராய்டு கண் நோயாளிகளின் கண்ணீரில் இன்டர்லூகின்-1 பீட்டா, 6, 8, 17, டி.என்.எஃப். ஆல்ஃபா ஆகியவை கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இந்த அளவைத் தாண்டினால் நோய் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு இன்னும் இல்லை. மாதிரி எடுக்கும்போது கண் உறுத்திக் கண்ணீர் பெருகினாலே எல்லாம் நீர்த்துவிடும். எச்.எல்.ஏ.-டி.ஆர். என்பது இன்னொன்று: வெள்ளை விழியில் சவ்வுத் தாளை ஒற்றி எடுத்த செல்கள் தம் மேல் இந்தப் புரதத்தை எவ்வளவு ஏந்தியிருக்கின்றன என்பது அழற்சியின் அளவு. அதே ஒற்றலில் கோப்லெட் செல்களையும் எண்ணலாம். கன்ஃபோக்கல் நுண்ணோக்கி, கருவிழிக்குள் இருக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்களை உயிரோடு காட்டுகிறது. அமைதியான கருவிழியின் நடுவில் அவை சொற்பம், கிளையில்லாதவை. அழற்சியில் எண்ணிக்கை கூடிக் கிளைவிட்டு நிற்கும். சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க இது அழகான வழி, செலவுதான் இடிக்கிறது.

கையில் பட்டையும் சாயமும் மட்டுமே இருந்தாலும் ஒரு நல்ல சோதனை மிச்சமிருக்கிறது. அது சிகிச்சையேதான். பார்வை நரம்புக்கும் கருவிழிக்கும் உடனடி ஆபத்து இல்லை என்று உறுதியானபின், நான்கு முதல் ஆறு வாரம் மேற்பரப்பை ஒழுங்காகக் கவனிப்பது. பதப்படுத்தி இல்லாத செயற்கைக் கண்ணீர், இரவில் களிம்பு, இமை மூடவில்லை என்றால் தோலுக்கு உறுத்தாத ஒட்டுநாடா, விசிறிக் காற்று முகத்தில் நேராகப் படாமல் படுக்கையைத் திருப்புவது, இருசக்கர வாகனத்தில் பக்கங்களும் மூடிய கண்ணாடி. எம்.எம்.பி.-9 நேர்மறை என்றால் மருத்துவர் எதிர்ப்பாற்றலை அடக்கி அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு சேர்க்கலாம். அதன் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால், இடைக்காலத்துக்கு மென்மையான ஸ்டீராய்டு சொட்டைக் குறுகிய நாளுக்குக் கொடுப்பதுண்டு. அப்போது கண் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இந்த நோயாளி மேலே பார்க்கும்போது இறுகிய கீழ்த்தசை விழியை அமுக்கி அழுத்தத்தை உயர்த்திக் காட்டும். எந்த நிலையில் அளந்தது என்று எழுதாவிட்டால் பழி ஸ்டீராய்டின் மேல் விழும். கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பான்கள் அழற்சி அடங்கிய பிறகே. அதற்கு முன் அடைத்தால் சைட்டோகைன் நிறைந்த கண்ணீரைக் கண்ணிலேயே தேக்கி வைத்தது போலாகும்.

ஆறு வாரத்தில் கறையும் சிவப்பும் சேர்ந்து குறைந்தால் சிவப்பு மேற்பரப்பினுடையது. கறை குறைந்தும் சிவப்பு அப்படியே இருந்தால், ஆழ்ந்த வலி தொடர்ந்தால், பிதுக்கம் 2 மி.மீ. கூடினால், குழிக்குள் பார்க்க வேண்டும். தசையில் நீர் கோத்திருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். புகைபிடிப்பவரானால் அதை நிறுத்துவது எந்தக் கட்டத்திலும் முதல் மருந்து; நோய் முற்றுவதற்கும் சிகிச்சை பலிக்காமல் போவதற்கும் புகை ஒரு தெளிவான காரணம்.

காத்திருக்கவே கூடாத சில நிலைகளும் உண்டு. நிறங்கள், குறிப்பாகச் சிவப்பு, ஒரு கண்ணில் வெளிறித் தெரிவது, பார்வை மங்கிக்கொண்டே போவது ஆகியவை வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெரிக்கும் அறிகுறிகள். அப்போது கண்ணின் வெளிப்புறம் பெரிதாகச் சிவக்காமலும் இருக்கலாம். கருவிழியில் வெள்ளைப் புள்ளி, தாங்க முடியாத வலி, வெளிச்சத்தில் கண் திறக்க முடியாமை என்றால் கருவிழியில் புண். இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.